சிங்கப்பூர் – பேங்காக்: எத்தனை கிலோமீட்டர், உண்மையில் எத்தனை மணி நேரம்?

சேதுக்கரையான் கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

கீழக்கரையிலிருந்து மதுரை வழியாக சிங்கப்பூர் போகிறோம். அங்கே மாமா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு, ரத்தினக் கல் பார்க்க பேங்காக் போக வேண்டும். மதுரை–சிங்கப்பூர் டிக்கெட் போட்டாயிற்று. சிங்கப்பூர்–பேங்காக் இன்னும் போடவில்லை. பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

தூரம் எவ்வளவு என்று தேடினால் ஒரு இடத்தில் 764 என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் 880. பிறகு 1,415, 1,433, 1,444. எது சரி?

நேரம் இன்னும் மோசம். போகும் விமானம் சிங்கப்பூரில் 10:00 மணிக்குக் கிளம்பி பேங்காக்கில் 11:25-க்கு இறங்குகிறது. திரும்பும் விமானம் பகல் 1:00-க்குக் கிளம்பி மாலை 4:25-க்கு வருகிறது. போக ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, வர மூன்றரை மணி நேரமா? எதிர்காற்று என்கிறார்கள் ஊரில். விமான வேகம் 850 கி.மீ. என்று வைத்து 1,415-ஐ வகுத்தால் 1 மணி 40 நிமிடம் வருகிறது. மூன்றில் எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

பேங்காக்கில் இறங்கும் நாளே பகல் 2 மணிக்கு சீலோம் பக்கம் ஒருவரைப் பார்க்க வேண்டும். எந்த விமானத்தைப் பிடித்தால் சரியாக இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தெற்குவாடி எழுதியது:

தம்பி, அந்த அஞ்சு நம்பரும் சரிதான். ஒண்ணுகூடத் தப்பில்ல.

764 கடல் மைல். 880 தரை மைல். 1,415 கிலோமீட்டர். மூணும் ஒரே நீளம். நம்ம படகு ஜி.பி.எஸ்.ல வர்ற அதே கடல் மைல்தான் விமானத்துக்கும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 764-ஐ அதால பெருக்கிப் பாருங்க, 1,415 வந்து நிக்கும். அளவுப் பேரைப் போடாம வெறும் நம்பரை மட்டும் போடுற பக்கங்களாலதான் இந்தக் குழப்பம்.

மீதி ரெண்டும் எங்கே இருந்து எங்கே அளந்தாங்கங்கிற வித்தியாசம். 1,415 சாங்கி விமான நிலையத்துல இருந்து சுவர்ணபூமி விமான நிலையம் வரைக்கும். 1,433 ஊர் நடுவுல இருந்து ஊர் நடு வரைக்கும். 1,444 சாங்கியில இருந்து டான் மியாங். பேங்காக்குக்கு ரெண்டு ஏர்போர்ட். டான் மியாங் வடக்கே தள்ளி இருக்கு, அதனாலதான் 29 கி.மீ. கூடுது. ஆக 1,444-னு போட்டிருந்தா அது எந்த ஏர்போர்ட்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

யார் சொல்றதையும் நம்ப வேண்டாம், நீங்களே காகிதத்துல போட்டுப் பார்க்கலாம். படகுல பாயின்ட் போட்டுப் பழகினவங்களுக்கு இது பெரிய வேலை இல்ல.

சாங்கி: வடக்கு 1 டிகிரி 21.5 மினிட், கிழக்கு 103 டிகிரி 59.4 மினிட்.
சுவர்ணபூமி: வடக்கு 13 டிகிரி 40.9 மினிட், கிழக்கு 100 டிகிரி 44.8 மினிட்.

முதல்ல வடக்கு-தெற்கு வித்தியாசம். 12 டிகிரி 19.4 மினிட். ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஒரு மினிட்டுக்கு ஒரு கடல் மைல். இனிமே வெறும் மைல்னு சொன்னாலும் கடல் மைல்தான். அப்போ 739.4 மைல்.

அடுத்து கிழக்கு-மேற்கு வித்தியாசம். 3 டிகிரி 14.6 மினிட், அதாவது 194.6 மினிட். இதை அப்படியே மைல்னு எடுத்துக்கக் கூடாது. பூமத்திய ரேகையில இருந்து வடக்கே போகப் போக தீர்க்கக் கோடுகள் ஒண்ணை ஒண்ணு நெருங்கும். ரெண்டு ஊருக்கும் நடு அட்சம் ஏழரை டிகிரி. அங்கே ஒரு மினிட் 0.991 மைல்தான். 194.6-ஐ 0.991-ஆல பெருக்கினா 192.9. நம்ம பாம்பன் அட்சத்துல இதே கணக்கு 0.987 வரும், அதனால நம்ம கடல்ல யாரும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கிறதில்ல.

இப்போ ரெண்டையும் தனித்தனியா வர்க்கம் பண்ணிக் கூட்டி மூலம் எடுங்க. 5,46,712-ஓட 37,210. கூட்டினா 5,83,922. மூலம் 764. அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறதால இந்தத் தட்டைக் கணக்கே போதும். லண்டன், டோக்கியோன்னு வடக்கே ஏறிப் போனா இது உதவாது, கோளக் கணக்குதான் போடணும்.

எல்லாரும் தவறுற இடம் ஒண்ணு இருக்கு. இணையத்துல அட்சம் 13.681-னு புள்ளி வச்சுப் போட்டிருப்பாங்க. அது 13 டிகிரி 68 மினிட் இல்ல. 60-க்கு மேல மினிட்டே கிடையாது. .681-ஐ 60-ஆல பெருக்கணும், 40.9 மினிட் வரும். இதை மாத்திப் போட்டா கிட்டத்தட்ட 27 மைல் தள்ளிப் போயிடும்.

அந்த நேர்கோடு எங்கே போகுதுன்னா, ஜொகூர், பகாங், திரங்கானு தரை மேல ஏறிப் போயி, கோல திரங்கானுவுக்கு வடக்கே கடலுக்குள்ள இறங்கி, சயாம் வளைகுடா முழுக்கத் தண்ணி மேலயே போயி, பட்டாயா பக்கத்துல கரை தொட்டு சுவர்ணபூமிக்குப் போகும். விமானம் கோடு கிழிச்ச மாதிரி போகாது. அதுக்குன்னு வான்வழி இருக்கு, ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் சுத்து இருக்கு. அதையெல்லாம் சேர்த்து சுமார் 800 மைல்னு வச்சுக்குங்க. நேரக் கணக்குக்கு 764 வேண்டாம், இந்த 800-தான் வேணும்.

---

உச்சிப்புளி வானம் எழுதியது:

தூரத்தை அண்ணன் தீர்த்துவிட்டார். நேரத்தை நான் சொல்கிறேன்.

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் இரண்டு கடிகாரங்கள். கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. பேங்காக் ஒன்றரை மணி முன்னால். ஆக பேங்காக், சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால்.

இனி உங்கள் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் 10:00, பேங்காக் 11:25. பேங்காக்கில் 11:25 என்றால் சிங்கப்பூரில் 12:25. பயணம் 2 மணி 25 நிமிடம். திரும்பும்போது பேங்காக் 1:00, சிங்கப்பூர் 4:25. சிங்கப்பூரில் 4:25 என்றால் பேங்காக்கில் 3:25. அதுவும் 2 மணி 25 நிமிடம்தான்.

நேர வித்தியாசமே தெரியாமல் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போகும் டிக்கெட்டில் தெரிகிற நேரத்தையும் வரும் டிக்கெட்டில் தெரிகிற நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். 1:25-உம் 3:25-உம் சேர்ந்தால் 4:50. பாதி 2:25. ஒரு பக்கம் குறைந்த ஒரு மணி நேரம் மறு பக்கம் கூடியிருப்பதால் கூட்டும்போது இரண்டும் அடிபட்டுப் போகிறது. அதேபோல இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 மணி. அதில் பாதி 1 மணி. அதுதான் இரண்டு ஊருக்கும் உள்ள கடிகார வித்தியாசம். கோலாலம்பூர்–ஹோ சி மின், சிங்கப்பூர்–ஜகார்த்தா, எந்த ஊருக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும்.

இனி 1 மணி 40 நிமிடம் எப்படி 2 மணி 25 நிமிடம் ஆகிறது என்று பார்ப்போம். 850 கி.மீ. என்பது விமானம் 35,000 அடியில் சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். கடல் கணக்கில் சுமார் 450 நாட், அதாவது மணிக்கு 450 கடல் மைல். முழுத் தூரமும் அந்த வேகம் கிடைப்பதில்லை. ஏர்பஸ் 320 மாதிரி ஒரு விமானத்துக்குக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்.

வாயிலிலிருந்து பின்னால் தள்ளி, ஓடுதளம் வரை ஊர்ந்து, வரிசையில் நிற்க 15 நிமிடம். மேலே ஏற 22 நிமிடம், அதில் 130 மைல் போகும். இறங்க 25 நிமிடம், அதில் 120 மைல். 800-இல் இந்த 250 போக மீதி 550 மைல். அதை 450 நாட்டில் போக 73 நிமிடம். ஆக வானத்தில் சரியாக 2 மணி நேரம். தரையிறங்கி வாயிலுக்கு வர 10 நிமிடம். கூட்டினால் 2 மணி 25 நிமிடம். டிக்கெட்டில் போடுவது வாயிலிலிருந்து வாயில் வரையான நேரத்தைத்தான், சக்கரம் தரையை விட்டதிலிருந்து அல்ல.

தூரம் குறையக் குறைய இந்த வகுத்தல் கணக்கு இன்னும் மோசமாகப் பொய்க்கும். சிங்கப்பூர்–கோலாலம்பூர் வெறும் 160 கடல் மைல், 296 கி.மீ. 850-ஆல் வகுத்தால் 21 நிமிடம். டிக்கெட்டில் 1 மணி 5 முதல் 1 மணி 15 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும், சமமாகப் பறக்க இடமே இல்லை. வாயில்-வாயில் கணக்கில் பார்த்தால் அந்த விமானத்தின் சராசரி வேகம் மணிக்கு 250 கி.மீ.தான். பேங்காக் விமானத்துக்கு 585 வரும்.

ஒரு சின்னச் செய்தி. சூரியக் கணக்கில் சிங்கப்பூருக்கும் பேங்காக்குக்கும் 13 நிமிடம்தான் வித்தியாசம். தீர்க்கம் மூன்றே கால் டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம். ஆனால் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டன. அதனால்தான் கடிகாரத்தில் அது ஒரு மணி நேரமாக நிற்கிறது.

---

மண்டபம் கரை எழுதியது:

காற்றும் சேர்ந்துதானே இருக்கும்? மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது மேற்கே ஏறி வர படகுக்கு டீசலும் கூட, நேரமும் கூட. வானத்தில் மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்?

---

உச்சிப்புளி வானம் எழுதியது:

இல்லாமல் போகாது. ஆனால் இந்தப் பாதையில் அதன் வேலை சில நிமிடம்தான்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்–பேங்காக் பாதை கிட்டத்தட்ட நேர் வடக்கு-தெற்கு. அந்த உயரத்தில் இந்த அட்சங்களில் காற்று பெரும்பாலும் கிழக்கு-மேற்காகப் போகும். கொண்டலும் கச்சானும் விமானத்துக்கு விலாப்பக்கம்தான் படும், முகத்தில் அறையாது. வடக்கு வாடையோ தெற்குச் சோழகமோ மாதிரி நேர் முன்னாலோ பின்னாலோ வரும் பங்கு கொஞ்சம்தான்.

நேர் எதிராகவே 40 நாட் காற்று என்று வைத்துக்கொண்டாலும், 450 நாட் 410 ஆகும். 550 மைல் கடக்க 73 நிமிடத்துக்குப் பதில் 80 நிமிடம். ஏழு நிமிடம் கூடுதல். காற்றால் ஒரு மணி நேரம் கூட வேண்டும் என்றால் அது 450-இல் 200 நாட்டைத் தின்ன வேண்டும். அந்தக் கடல் மேலே அப்படி ஒரு காற்று கிடையாது. படகின் வேகம் 8 நாட், அதனால் 10 நாட் காற்றும் நீரோட்டமும் அதை ஆட்டி வைக்கும். விமானத்தின் வேகம் அதைப்போல 50 மடங்குக்கு மேல்.

காற்றின் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் மதுரை–சிங்கப்பூர் பாதையைப் பாருங்கள். சுமார் 3,000 கி.மீ., பெரும்பகுதி கிழக்கு-மேற்கு. அங்கேதான் போகும் நேரமும் வரும் நேரமும் உண்மையிலேயே மாறும்.

பேங்காக் விமானத்தைத் தாமதப்படுத்துவது காற்றைவிட இடிமேகம். சிங்கப்பூரில் தென்மேற்குப் பருவக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் ஒரு மேக வரிசை வந்து போகும். பேங்காக்கில் மே முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழை. மேகத்தைச் சுற்றிப் போக ஐந்து பத்து நிமிடம். கீழே மின்னல் இருந்தால் பெட்டி ஏற்றும் ஆட்களை வெளியில் நிற்க விடமாட்டார்கள், அதில் அரை மணி முக்கால் மணிகூடப் போகலாம். கதவு மூடி உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள், விமானம் நகராது.

---

ராம்நாடு கவுண்டர் எழுதியது:

பகல் 2 மணி சந்திப்புக்கு நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். 11:25-க்கு இறங்கும் விமானம் உங்களுக்குச் சரிப்படாது. காரணம் சொல்கிறேன்.

11:25 என்பது வாயிலுக்கு வரும் நேரம். சுவர்ணபூமியில் வாயிலிலிருந்து குடிநுழைவு வரை நடையே 10–15 நிமிடம். வரிசை சாதாரணமாக 30–45 நிமிடம், நாலைந்து பெரிய விமானங்கள் ஒன்றாக வந்தால் ஒரு மணி நேரம். பெட்டி எடுக்க 10. அடித்தளத்தில் ஏர்போர்ட் ரயில், பாயா தாய் வரை சுமார் அரை மணி. அங்கே பி.டி.எஸ். மேம்பால ரயிலுக்கு மாறி, சயாம் நிலையத்தில் சீலோம் வழித்தடத்துக்கு மாறி, சுரசாக்கில் இறங்க இன்னொரு அரை மணி. கல் வியாபாரம் நடக்கிற சீலோம், மஹேசக் பக்கத்துக்கு அதுதான் கிட்ட. கூட்டிப் பார்த்தால் எல்லாம் நல்லபடியாக நடந்தாலே மணி 1:15 தாண்டும். எங்கேயாவது ஒரு இடத்தில் சுணங்கினால் சந்திப்பு போச்சு. டாக்சி வேகமாகப் போகும் என்று நினைக்காதீர்கள். தூரம் 30 கி.மீ.தான், ஆனால் சீலோம் சாலை நெரிசல் கணக்கில் அடங்காது.

சிங்கப்பூரில் காலை 8:30-ஐ ஒட்டிக் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். பேங்காக் நேரம் 10 மணிக்குள் இறங்கிவிடலாம். அதற்கு சாங்கியில் 6:30-க்கு இருக்க வேண்டும். குறைந்த கட்டண நிறுவனங்களில் புறப்படுவதற்கு 60 நிமிடத்துக்கு முன் பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள், ஒரு நிமிடம் தாமதமானாலும் ஏற்பதில்லை. மாமா வீடு ஜூரோங் மாதிரி மேற்குக் கோடி என்றால் ரயிலை நம்பாமல் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடும்போது மூன்று இடத்தைக் கண் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, பேங்காக் என்று மட்டும் பார்க்காமல் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். பி.கே.கே. என்றால் சுவர்ணபூமி, டி.எம்.கே. என்றால் டான் மியாங். ஏர் ஏசியா மாதிரி நிறுவனங்கள் டான் மியாங்குக்குப் போகும். சீலோம் போக இரண்டும் ஆகும். ஆனால் போகும்போது ஒன்று, வரும்போது இன்னொன்று என்று எடுத்துவிட்டு, திரும்பும் நாளில் பழக்கத்தில் தப்பான இடத்துக்குப் போய் நிற்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே 40 கி.மீ.க்கு மேல். நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய் விமானம் பிடிப்பது நடக்காத காரியம்.

அடுத்தது, சாங்கியில் எந்த முனையம் என்பது. 1, 2, 3 மூன்றும் ஸ்கைட்ரெயினில் இணைந்திருக்கின்றன. முனையம் 4 தனியாக இருக்கிறது, பேருந்தில்தான் போக வேண்டும். அங்கே போவதென்றால் 20–25 நிமிடம் கூடுதலாக வையுங்கள். இன்னொன்று, 1, 2, 3-இல் பாதுகாப்புச் சோதனை அந்தந்த வாயிலில்தான் நடக்கும். குடிநுழைவு முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று கடைகளில் நின்றுவிடக் கூடாது.

கடைசியாக, தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டை. 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் எதுவானாலும் அது போலி, மூடிவிடுங்கள். அதில் கேட்பது பேங்காக்கில் இறங்கும் தேதி, சிங்கப்பூரில் கிளம்பும் தேதி அல்ல. நள்ளிரவை ஒட்டிய விமானம் என்றால் இரண்டும் மாறலாம். சிங்கப்பூருக்கும் இதேபோல ஒரு வருகை அட்டை உண்டு, அதுவும் 3 நாள், அதுவும் இலவசம். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் பணம் கட்டும் அன்றைக்கே தாய்லாந்து தூதரகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி சிங்கப்பூருக்கே வர வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பேங்காக்–சென்னை சுமார் 2,230 கி.மீ.தான். சிங்கப்பூர்–சென்னை 2,900-ஐத் தாண்டும். பேங்காக்கிலிருந்து 1,415 கி.மீ. தெற்கே இறங்கி, மறுபடி 3,000 கி.மீ. மேற்கே மதுரைக்குப் பறப்பதற்குப் பதில், பேங்காக்கிலிருந்து நேரே சென்னைக்கு மூன்றரை மணிக்குள் வந்து இரவு ராமேஸ்வரம் ரயிலில் ஏறிவிடலாம்.

---

சேதுக்கரையான் எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ், தெளிவாகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி. 8:30 விமானமே பார்க்கிறேன்.

இன்னொன்று. மச்சானும் பேங்காக் வருகிறார். அவர் சிங்கப்பூரில் தங்கப் போவதில்லை, சிங்கப்பூர் விசாவும் எடுக்கவில்லை. மதுரை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–பேங்காக் வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று எடுத்தால் 3,000 ரூபாய் குறைகிறது. நடுவில் 2 மணி 45 நிமிடம் இருக்கிறது. 15 கிலோ பெட்டி ஒன்று. நேரம் போதுமா?

---

ராம்நாடு கவுண்டர் எழுதியது:

நேரம் போதுமா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் அவரை மதுரையிலேயே ஏற்றுவார்களா என்று பாருங்கள். தயவுசெய்து அந்த டிக்கெட்டை எடுக்க வேண்டாம்.

தனித்தனி டிக்கெட் என்றால் மதுரையில் போட்ட பெட்டி சிங்கப்பூரோடு சரி. பெல்ட்டில் வந்து விழும். பெல்ட் இருப்பது குடிநுழைவைத் தாண்டி. அதைத் தாண்ட சிங்கப்பூருக்குள் நுழையும் அனுமதி வேண்டும். விசா இல்லாதவர் பெட்டியை எடுக்கவும் முடியாது, அடுத்த கவுண்டரில் போடவும் முடியாது. மதுரை கவுண்டரில் இருப்பவர் அந்த டிக்கெட்டைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வியே சிங்கப்பூர் விசா எங்கே என்பதுதான். இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தகுந்த ஆவணம் இல்லாமல் ஏற்றி வந்தால் விமான நிறுவனம்தான் அவரைத் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும்.

பெட்டியே இல்லாமல் கைப்பையோடு போனால் உள்ளேயே மாறிக்கொள்ளலாமே என்பார்கள். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் முன்கூட்டியே கையில் இருந்தால்தான் அது நடக்கும், அதையும் முதல் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, டிக்கெட் பணம் போனதுதான். 3,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், அன்றைக்கே புது டிக்கெட் வாங்கினால் அதைப்போலப் பல மடங்கு ஆகும்.

மூன்று வழி சொல்கிறேன். சிங்கப்பூர் வழியாகவே போவதென்றால், மதுரையிலிருந்து பேங்காக் வரை ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேரே பேங்காக்குக்கு என்று ஒட்டித் தருவதாக இருக்க வேண்டும். அப்படி என்றால் 2 மணி 45 நிமிடம் தாராளம். இல்லையென்றால் சென்னையிலிருந்து நேர் விமானம். அதுவும் வேண்டாம் என்றால் மதுரை–கொழும்பு–பேங்காக், ஸ்ரீலங்கன் ஒரே டிக்கெட்டில். மதுரை–கொழும்பு 350 கி.மீ., கொழும்பு–பேங்காக் சுமார் 2,400. மொத்தம் 2,750 கி.மீ. சிங்கப்பூர் சுற்றிப் போனால் 3,000-உம் 1,415-உம் சேர்ந்து 4,400-ஐத் தாண்டும். கீழக்கரைக்காரருக்கு கொழும்பு வழிதான் குறுக்கு வழி.

---

தெற்குவாடி எழுதியது:

கவுண்டர் தம்பி சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்குங்க. கொழும்புக் கடிகாரமும் நம்ம கடிகாரமும் ஒண்ணுதான். அதனால மதுரை–கொழும்பு டிக்கெட்டுல தெரியுற நேரம் அப்படியே உண்மையான நேரம். கொழும்பு–பேங்காக்குல மட்டும் ஒன்றரை மணி நேரத்தைக் கழிச்சுக்கணும். இரவு 1:15-க்குக் கிளம்பி காலை 6:15-க்கு இறங்குதுன்னு போட்டிருந்தா அது அஞ்சு மணி நேரம் இல்ல, மூணரை மணி நேரம்.

---

சேதுக்கரையான் எழுதியது:

மச்சானுக்கு கொழும்பு வழியே போட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று. நாங்கள் பேங்காக்கில் இறங்குவது வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் லுஹர் (நண்பகல் தொழுகை) ஒரு மணிக்கு மேல்தான் என்று மாமா சொல்கிறார். பேங்காக்கிலும் அப்படித்தானா? ஜும்மாவுக்குப் போய்விட்டு 2 மணிக்கு ஆளைப் பார்க்க முடியுமா?

---

உச்சிப்புளி வானம் எழுதியது:

பேங்காக்கில் அவ்வளவு தள்ளிப் போகாது. சூரியன் உச்சிக்கு வருவது சிங்கப்பூரில் சராசரியாக 1:04. பேங்காக்கில் 12:18. நம் ராமநாதபுரத்தில் 12:15. ஆக பேங்காக் லுஹர் கிட்டத்தட்ட நம் ஊர் நேரம்தான். மாதத்தைப் பொறுத்து இரண்டு பக்கமும் கால் மணி நேரம் நகரும்.

10 மணி விமானம் என்றால் அந்த நேரத்தில் குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். 8:30 விமானம் என்றால் 9:55-க்கு இறங்கி, 11 மணி வாக்கில் ரயில் ஏறி, 12 மணிக்குச் சீலோம் பக்கம் வந்துவிடலாம். சுரசாக்குக்கு அடுத்த நிலையம் சபான் தக்சின். அங்கே இறங்கி சரோன் குருங் சாலையில் 36-ஆம் சோய்க்குப் போனால் ஹாரூன் பள்ளிவாசல். நடக்கிற தூரம்தான், கால் மணி நேரம் வையுங்கள். இறங்கியதும் கைப்பேசிக் கடிகாரம் பேங்காக் நேரத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போட்ட ஃபிளைட் மோடை எடுக்கும்வரை அது சிங்கப்பூர் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.